வார்த்தைக்கு மன்னிப்பு, வருஷத்துக்கு இல்லை

அவள் ஜெராக்ஸ் கடைக்குள் கால் வைக்கும்வரை பொறுமையாக இருந்த மழை, உள்ளே நுழைந்த மறுநிமிடம் பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை... எதிர்ச்சாரிக் கட்டிடமே தெரியாமல் போகிற மழை. குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்த நாளாகப் பார்த்துத்தான் இந்த மழைக்கு வீரம் வரும்.

"உக்காருங்கம்மா. எப்படியும் இப்போதைக்கு வெளிய போக முடியாது," என்று பெஞ்சைக் காட்டினார் கடைக்காரர். விரல்களெல்லாம் மை. "சாருக்கு முடிச்சிட்டு உங்களுக்குப் போடறேன்."

'சார்' கவுண்டரின்மேல் கவிழ்ந்து கிடந்தான். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, கையில்... ஆமாம், பூதக்கண்ணாடியேதான்! இந்தக் காலத்தில் யார் பூதக்கண்ணாடியோடு அலைகிறார்கள்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்த நிமிடமே மனதுக்குள் அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று. மிஸ்டர் பூதக்கண்ணாடி.

இயந்திரம் கடகடவென்று ஓடியது. கடைக்காரர் சூடான தாள்களை அடுக்கினார், உறையில் போட்டார், அவளிடம் நீட்டினார். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார், பாவம். அவள் உறையைத் திறந்தாள். திகைத்துப் போனாள்.

உள்ளே இருந்தது அவளுடைய துணுக்கு!

அவளுடையது என்றால், அவள் எழுதியது இல்லை. எழுதியவர் எலும்பும் மிஞ்சாமல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. நாணலைக் கீறி ஒட்டிச் செய்த பழங்காலத் தாளில், கிரேக்க மொழியில், லூக்காவின் சுவிசேஷத்திலிருந்து சில வரிகள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்தத் துணுக்கைத் தூரிகையால் தூசி தட்டி, இடுக்கியால் நார் நாராகப் படிய வைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே போட்டு ஓரம் ஒட்டியவள் அவள்தான். அவள் வேலை செய்யும் நூலகத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். அந்தத் துணுக்கு இப்போது தலையணை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு அவள் மடியில் கிடந்தது.

"ஹலோ... அது என்னோடது," என்றான் அவன்.

நிமிர்ந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். நல்ல கண்கள்தான்... அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். எதையாவது பார்த்தால் முழுசாகப் பார்க்கிற கண்கள். இப்போது அவளை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இது என்னன்னு தெரியுமாங்க?" என்று கேட்டான், ஒரு சின்னக் குழந்தைக்கு யானை காட்டுகிற உற்சாகத்தோடு.

உள்ளே ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "தெரியாதே... டாக்டர் எழுதின மருந்துச் சீட்டா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கடையில் இன்னொரு விளக்கு போட்ட மாதிரி இருந்தது. பெஞ்சில் அவள் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, மரியாதையாக உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்தான்.

"இது சுவிசேஷத்தோட ஒரு பழைய பிரதிங்க. மூலம் இல்ல, பாத்து எழுதின பிரதி. ஆனா இது எப்போ எழுதினதுன்னு தெரிஞ்சா, மூலம் அதுக்கு முன்னாடி எழுதினதுன்னு ஆயிடும் இல்லையா? லூக்கா எப்போ எழுதினார்னு பெரிய சண்டை. பாதிப் பேர் கி.பி. எண்பது, தொண்ணூறுங்கறாங்க. இல்ல இல்ல, நூறு தாண்டித்தான்னு சில பேர். அதனால இந்தத் துணுக்கோட வயசு ரொம்ப முக்கியம்."

"வயசை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கையெழுத்தை வெச்சு. இந்த ஆல்ஃபாவை, அதான் கிரேக்க 'அ'வை, பாருங்க... கயித்துல சுருக்குப் போட்ட மாதிரி வளைச்சிருக்கார் இல்ல? எழுதற பாணி துணிமணி மாதிரிங்க. மாறிக்கிட்டே இருக்கும்."

அவன் விரல் எழுத்தின்மேல் படாமல், ஒரு நூலிழை மேலே நகர்ந்தது. தொடத் தெரிந்தவன் மட்டும் இல்லை, தொடாமல் இருக்கவும் தெரிந்தவன். அவள் தொழிலில் அதுதான் அழகு. வெளியே மழை பெய்துகொண்டே இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சரி, இதுக்கு என்ன வயசாம்?"

"ஒரு பெரியவர் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். நூறாம் வருஷமாம்!" அவன் கையை விரித்தான். "ஆசைப்பட்டுட்டார் பாவம். இல்லைன்னா அன்னைக்குக் கண்ணாடி போட மறந்துட்டுப் பாத்திருக்கணும்."

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு என்ன தெரியும், வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்க வேண்டியதுதான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தாள். கவுண்டரில் இருந்த தன் புத்தகத்தை எடுத்தாள். நகலெடுக்கக் கொண்டுவந்த, தையல் விட்டுப்போன, நீல அட்டைப் புத்தகம். அட்டையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிற்று. "இது... அந்தப் புத்தகம்..."

"அந்தப் பெரியவர் எங்க அப்பா. அவர் கண்ணாடி போட்டுத்தான் பாத்தார். இப்பவும் போடறார். நீங்கதான் யார்கிட்ட என்ன பேசறோம்னு பாக்கற கண்ணாடியா ஒண்ணு வாங்கிப் போடுங்க!"

"அய்யோ, நான்... கொஞ்சம் இருங்க, மழை..."

மழையாவது ஒன்றாவது. புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே அவன் குடையோடு ஓடிவருவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் வந்தால் நனைவதுகூட ஒரு கெத்துதான்.

அன்று மாலை முழுக்கத் தும்மினாள்.

"நல்லா வேணும்," என்று துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுத் துவட்டினாள் அம்மா. "அப்பா புத்தகத்துக்கு ஒரு சொட்டு படல. நீ மட்டும் தொப்பலா வந்து நிக்கற. அப்பனுக்கேத்த பொண்ணு."

அப்பா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதில் அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்: இந்தத் துணுக்கு நூறாம் வருஷத்தை ஒட்டி எழுதியது. நூலகம் இப்போது பழம்பிரதிகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப் போகிறது. அந்தத் துணுக்கின் பக்கத்தில் ஒரு சிறு பலகை இருக்கும். அதில் அவர் சொன்ன வருஷம் இருக்கும். அதைப் பார்க்கப் போவதற்கென்று ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுத் தனியாக மாட்டி வைத்திருந்தார்.

"பலகை அடிச்சாச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா... அடிப்பாங்க," என்றாள். இன்னொரு தும்மல் வந்து காப்பாற்றியது.

மறுநாள் காலை, சீரமைப்பு அறையில் அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நூலகத் தலைவி கதவைத் திறந்தார். பின்னால் ஒரு ஆள். கையில் அதே பூதக்கண்ணாடி.

"இவர்தான் கையெழுத்து ஆராய்ச்சியாளர். கண்காட்சிக்கு முன்னாடி நம்ம துணுக்கை ஒரு தடவை பாத்து வருஷம் உறுதி பண்ணித் தரச் சொல்லியிருக்கேன். பலகையில அதைத்தான் போடப் போறோம். நீ கூட இருந்து காட்டு," என்றார் தலைவி. அவர் போட்ட குண்டு அவருக்கே தெரியாது. போய்விட்டார்.

அறையில் இருவர் மட்டும். தண்ணீர்க் குழாய் சொட்டியது.

"நேத்து சொன்னதுக்கு மன்னிச்சிருங்க," என்றான் அவன். நேராகப் பார்த்துச் சொன்னான். "பாக்காத மனுஷரைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் அதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அவள் கோபம் ஒரு படி இறங்கியது. "அப்போ நூறாம் வருஷம் சரின்னு ஒத்துக்கறீங்களா?"

"வார்த்தைக்குத்தாங்க மன்னிப்பு. வருஷத்துக்கு இல்ல."

இறங்கிய படியில் மறுபடி ஏறிவிட்டது கோபம்!

அந்த நூலகத்தில் ஒரு விதி உண்டு. கண்ணாடியில் போட்ட துணுக்கை ஆராய்ச்சியாளர் கையால் தொடக் கூடாது. சீரமைப்பாளர் பக்கத்தில் இருந்துதான் காட்ட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் திருப்புவதும் அவர்தான். ஆகையால் நீள மேசையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் லூக்கா. தினமும்.

"கொஞ்சம் திருப்பறீங்களா?"

திருப்பினாள்.

"கொஞ்சம் திரும்பத் திருப்பறீங்களா?"

திருப்பினாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

எவ்வளவு நேரந்தான் ஜன்னலைப் பார்ப்பது? அவன் நடுவில் எதையாவது கேட்பான். நார் இந்தப் பக்கம் கிடையாக ஓடுகிறதே, அந்தப் பக்கம் நெட்டுக்குத்தா? இந்த ஓட்டை பூச்சி அரித்ததா, கிழிந்ததா? அவளுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அது அவன் கண்டுபிடித்துவிட்ட ரகசியம்.

"ரெண்டு பக்கமும் ஒரே கை எழுதியிருக்கு. சுருளா இருந்தா உள்பக்கம் மட்டுந்தான் எழுதுவாங்க. இது புத்தகத்தோட ஏடு," என்று ஒரு நாள் விளக்கிக்கொண்டே போனவள், அவன் துணுக்கைப் பார்க்காமல் தன்னைப் பார்ப்பதைக் கவனித்து நிறுத்தினாள். "என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா சொல்றீங்க."

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் கேட்டீங்க?"

அவன் பூதக்கண்ணாடியைத் துடைத்தான். காது மட்டும் சிவந்துவிட்டது. அவள் சிரிப்பை மறைக்கக் குனிந்து தூரிகையைத் தேடினாள். தூரிகை கையிலேயே இருந்தது.

எதைக் கேட்டாலும் அவன் ஒரு வருஷம் சொல்ல மாட்டான். இதற்கு முன்னால் இருக்காது, அதற்குப் பின்னால் இருக்காது என்று இரண்டு எல்லை போடுவான். அவளுக்கு அதைக் கிண்டல் பண்ணப் பிடித்திருந்தது.

"உங்க வயசு என்ன?"

"இருபத்தஞ்சுக்கு மேல, முப்பத்தஞ்சுக்குக் கீழ."

"அடையாள அட்டையிலயும் அப்படித்தான் போட்டிருக்கா?"

"கையெழுத்தை வெச்சுப் பாத்தா அம்பதுன்னு வரும்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் மெதுவாகக் கேட்டான், "கொஞ்சம் திருப்பறீங்களா?"

திருப்பினாள். அந்தப் பின்பக்கத்தில் இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் கேட்பான், அவள் திருப்புவாள். கண்ணாடியின் ஓரத்தில் அவள் விரல்கள் இருக்கும் அந்த இரண்டு நொடி, அவன் எழுத்தைப் பார்ப்பதில்லை.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அவன் வேலையை முடித்துவிட்டான்.

"இருநூறு," என்றான் ஒரு மதியம். குரல் இறங்கியிருந்தது. "இருநூறை ஒட்டின காலம்."

அவன் ஆதாரம் இரண்டு. முதலாவது, பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவரை இடித்துவிட்டான் என்று யாரோ அந்தக் காலத்தில் போட்ட ஒரு மனு. அதில் அரசர் பெயரும் அவர் ஆட்சி வருஷமும் எழுதியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் கி.பி. நூற்று எண்பது. அதிலும் அதே சுருக்குக் கயிற்று ஆல்ஃபா. நூற்றிருபதோடு அந்தப் பாணி நின்றுவிட்டது என்பதுதான் அப்பாவின் வாதமே. இரண்டாவது, வேறொரு நூலகத்தில் இருக்கும் ஒரு கிரேக்க நாடகத் துணுக்கு. அச்சு அசலாக இதே கையெழுத்து. அதற்கு வருஷம் இருநூறு என்று பழம்பிரதிகளின் கையேட்டில் போட்டிருக்கிறது.

"பலகையில... அப்பா சொன்ன வருஷத்தையும் ஒரு ஓரமாப் போடலாம் இல்ல? 'நூறு என்றும் கூறுவர்'னு?" என்று கேட்டாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. வார்த்தை வெளியே வரவே சிரமப்பட்டது.

அவன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். "எனக்கு அது தப்புன்னு தெரியுது. தெரிஞ்சும் எப்படிப் போடறது?"

"ஒரு வரிதானே?"

"ஒரு வரிதாங்க. ஆனா அதுக்குக் கீழ என் பேர் இருக்கும்."

"ஓ... உங்க பேருக்குத்தான் அவ்வளவு மரியாதை. எங்க அப்பா பேர்னா ஜெராக்ஸ் கடையில சிரிக்கலாம்!"

சொன்ன பிறகு அவளுக்கே அதிகம் என்று பட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவன் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்றான். "கண்காட்சி திறக்கற அன்னைக்கு இதைப் பத்தி நான் பேசணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. அப்பாவையும் கூப்பிட்டிருக்காங்களாம். முன்னாடியே நீங்க அவர்கிட்ட சொல்லிடறது நல்லது," என்றான். போய்விட்டான்.

சொன்னாளா? சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அப்பா அந்தச் சட்டைக்கு மேட்சாக ஒரு பேனா வேறு தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தாள். அவனைத் தோற்கடிப்பது என்று முடிவு பண்ணினாள். மனுவை ஒன்றும் செய்ய முடியாது, அதில் அரசர் ஆட்சி வருஷமே இருக்கிறது. ஆனால் நாடகத் துணுக்கு? அதில் வருஷம் ஏதும் இல்லையே. அதற்கு இருநூறு என்று யார் சொன்னார்கள்?

கையேட்டைத் திறந்தாள். அடிக்குறிப்பு ஒரு கட்டுரையைக் காட்டியது. அந்தக் கட்டுரையை அலமாரியில் தேடி எடுத்தாள். அதன் அடிக்குறிப்பு இன்னும் பழைய கட்டுரையைக் காட்டியது. ஏணி வைத்து ஏறி, தூசியில் தும்மி, அதையும் எடுத்தாள். நாடகத் துணுக்குக்கு முதன்முதலில் வருஷம் போட்டவர் அதில் எழுதியிருந்தார்: இந்தக் கை, இன்ன நூலகத்தில் உள்ள லூக்காத் துணுக்கின் கையை ஒத்திருக்கிறது, அது இருநூறைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுவதால் இதுவும் இருநூறு.

இன்ன நூலகம் என்றால்... இந்த நூலகம்! அவள் நின்றுகொண்டிருந்த இதே கட்டிடம்! பக்கத்துத் தட்டிலேயே இருந்த நூலகத்தின் பழைய பட்டியலைப் புரட்டினாள். துணுக்கு வந்து சேர்ந்த புதிதில், அப்பாவெல்லாம் அதைப் பார்ப்பதற்கு முன்னால், பட்டியல் போட்டவர் யாரோ குத்துமதிப்பாக 'இருநூறாக இருக்கலாம்' என்று எழுதி வைத்திருக்கிறார். அதை நம்பி நாடகத்துக்கு இருநூறு. நாடகத்தை நம்பி இப்போது லூக்காவுக்கு இருநூறு. அவன் ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றிருக்கிறான்!

ஏணியின் மேலேயே உட்கார்ந்து கைதட்டினாள். மாட்டிக்கிட்டீங்களா, மிஸ்டர் பூதக்கண்ணாடி? பேசி முடிக்கட்டும். எல்லார் முன்னாலும் எழுந்து கேட்கிறேன். அப்பா முன்வரிசையில் இருந்து பார்க்கட்டும்.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அப்பா இஸ்திரி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. மேடைக்கு அருகே அவன் தனியாக நின்று தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தான். குவளையை வைக்கும்போது தாள்மேல் தண்ணீர் சிந்த, கைக்குட்டையால் அவசர அவசரமாக ஒற்றினான்.

அதை அவள் பார்த்திருக்கக் கூடாது.

பார்த்த உடனே, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கூடமே அவனைப் பார்த்துச் சிரிக்கும் என்பது அவள் கண்ணில் வந்து நின்றது. இது என்ன வம்பு? இவன் அசிங்கப்பட்டால் எனக்கு ஏன் வலிக்கிறது? கேள்வி கேட்டாளே தவிர, பதில் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே தெரியும். அவளுக்கு அவனைப் பிடித்துத் தொலைத்திருந்தது.

வேகமாகப் போனாள். "ஒரு நிமிஷம் வாங்க," என்று அவனை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கையேட்டையும் இரண்டு கட்டுரைகளையும் பழைய பட்டியலையும் ஒவ்வொன்றாக அவன் கையில் வைத்தாள். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"நாடகத்துக்கு லூக்கா... லூக்காவுக்கு நாடகம்," என்று முணுமுணுத்தான். "கையேட்டை நம்பிட்டேன். அடிக்குறிப்பைத் தேடிப் போகல. இந்தத் தப்பைப் பண்ணாதீங்கன்னு மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கறவன் நான்."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. நான் மேடம்கிட்ட சொல்லிக்கறேன்."

அவன் அவளைப் பார்த்தான். எதையும் முழுசாகப் பார்க்கிற அந்தப் பார்வை. "நீங்க இதை அங்க எழுந்து கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் இருந்தேன்," என்றாள். "முடியல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தலைவி அவனை மேடைக்கு அழைத்துவிட்டார்.

அவன் ஓடவில்லை. மேடையில் ஏறினான், கொண்டுவந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தான். "நான் இன்னைக்கு இருநூறுன்னு சொல்றதா இருந்தேன். சொல்ல முடியாது. என் வாதம் தன் வாலையே கவ்விக்கிட்டு நிக்குது. அதைக் கண்டுபிடிச்சவங்க இந்த நூலகத்தோட சீரமைப்பாளர்," என்று ஆரம்பித்து, தன் தப்பை ஒன்றுவிடாமல் தானே விளக்கினான். யாரும் சிரிக்கவில்லை. தானே சொல்கிறவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இருநூறு விழுந்தது, அப்பாவின் நூறு பிழைத்தது, இவனும் தலை நிமிர்ந்து நிற்கிறான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விட்டாள்.

அப்போது அப்பா எழுந்தார்.

"தம்பி, ஒரு கேள்வி. அந்தப் புத்தகத்தை எழுதினவன் நான்தான். இருநூறு இல்லைன்னா... அப்போ நூறாம் வருஷம் நிக்குது, இல்லையா?"

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு ஆசை. ஒரே ஒரு 'ஆமாம்' போதும். கேட்கிறவர் மனம் குளிரும், கூட்டம் கைதட்டும், அவனுக்கும் பழைய சிரிப்புக்குப் பிராயச்சித்தம் ஆகிவிடும். அவன் கண் ஒரு கணம் அவளைத் தேடி வந்தது. அவளுக்குச் சுவர் மனு ஞாபகம் வந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. வேண்டாம்... சொல்லாதே... என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்லைங்க சார்," என்றான் அவன். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. "என்னோடது விழுந்ததால உங்களோடது நிக்காது. நூத்தியெண்பதுல எழுதின ஒரு மனுவுல அதே ஆல்ஃபா இருக்கு. இந்தத் துணுக்கு நூறாவும் இருக்கலாம், இருநூறு தாண்டியும் இருக்கலாம். அதுக்கு மேல நமக்குத் தெரியாது. லூக்கா எப்போ எழுதினார்ங்கறதை இந்தத் துணுக்கு நமக்குச் சொல்லாது சார். மன்னிச்சிருங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். இஸ்திரி மடிப்பு கசங்கியது. அவள் எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் துடித்தாள்.

"அந்த மனு..." என்றார் அப்பா, கண்ணாடியை மாட்டியபடி. குரல் முதலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நேராயிற்று. "எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா? என் ஆல்ஃபா வாதம் கடைசி அத்தியாயத்து அடிக்குறிப்புல இருக்கு. அது வரைக்கும் படிச்ச முதல் ஆள் நீங்கதான் தம்பி. என் வீட்டுக்காரிகூட முன்னுரையோட நிறுத்திட்டா."

"முன்னுரையிலயே தூக்கம் வந்துருச்சே, என்ன பண்றது?" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததை மகள் மட்டும் பார்த்தாள்.

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் சீரமைப்பு அறைக்கு வந்தார்கள். அப்பாவுக்குத் துணுக்கைப் பார்க்க வேண்டுமாம். பேச்சு முடிந்த பிறகுதான் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அவனுடைய பூதக்கண்ணாடியை உரிமையோடு வாங்கிக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். "தம்பி, இந்த மூணாவது வரியைப் பாருங்க... நீங்க நாளைக்கு வீட்டுக்கு வாங்களேன். உக்காந்து பேசுவோம். புதுசா ஒரு பதிப்பு போட்டுடலாம்," என்று தனக்குள் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தார்.

அவள் ஜன்னலோரம் நின்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை. கோபமா என்றால் கோபம் இல்லை. வேறு என்னவோ... அதைச் சொல்லப் பயமாக இருந்தது.

அம்மா இவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ரெண்டாயிரம் வருஷத்துச் சங்கதி அம்மாவுக்குப் புரியாது. கண்ணெதிரே நடக்கிற சங்கதி நன்றாகவே புரியும்.

"ஏம்ப்பா, நாளைக்கு வீட்டுக்கு வந்தா நீ யாரைப் பாக்க வருவ? எங்க வீட்டுக்காரரையா?"

"அவரையும்தாம்மா," என்றான். அப்புறம் ஒரு பெருமூச்சு. மேடையில் நடுங்காத குரல் இங்கே நடுங்கியது. "முக்கியமா இவங்களைத்தான். துணுக்கைப் பாத்து முடிச்சு ரொம்ப நாளாச்சும்மா. சும்மா சும்மா திருப்பச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா இன்னைக்கு நான் அவங்க அப்பாகிட்ட இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம், அவங்க என்னை வீட்டுக்குள்ள விடுவாங்களான்னு தெரியல."

"அதை அவகிட்டயே கேளு. ஏங்க... எழுந்து வாங்க! அந்த ஏடு எங்கயும் ஓடிடாது. கண்காட்சியைப் பாத்துட்டு வருவோம்," என்று அப்பாவின் கையைப் பிடித்துக் கிளப்பிக்கொண்டு போனாள் அம்மா. பூதக்கண்ணாடியும் அவரோடு போயிற்று.

அறையில் இருவர் மட்டும். அவள் மெதுவாகத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, உதட்டில் சிரிப்பு இருந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

"சொல்லாதீங்கன்னு நான் கண்ணாலயே கெஞ்சினேன். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க அப்பா சந்தோஷமாப் போயிருப்பார். நானும் உங்களுக்கு நன்றி சொல்லிட்டு, அதோட மறந்திருப்பேன்." அவன் அருகே வந்து நின்றாள். "நீங்க சொல்லல. எனக்காகக்கூடச் சொல்லல. அப்போ நாளைக்கு என்கிட்டயும் எதையும் மறைச்சுப் பேச மாட்டீங்க, இல்ல?"

"மாட்டேன்."

"அது போதும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு வீட்டுக்கு வாங்க. கதவை நானே திறக்கறேன்."